பிறபொருளெதிரி இருந்தால் நோய் இருக்கிறதா?

காயப்பட்ட வேளையில் இரத்தம் ஏற்றப்பட்ட சகோதரிகள் பலர் எம்மிடையே உள்ளனர். பரிசோதிக்கப்படாத இரத்தம், சுத்தமற்ற ஊசி என்பவற்றால் பரவுவது ஈரல் அழற்சி சி. இதன் பரிசோதனையில் 'பிறபொருளெதிரி உண்டு' என அறிக்கை வந்தால் மனம் கலங்குவது இயல்பே. அதன் பொருளை அறிந்துகொள்வோம்.

1989 இல் அடையாளம் காணப்பட்ட இந்த வைரசின் மேற்பரப்பில் ஈ1, ஈ2 என இரு புரதங்கள் உள்ளன. வைரசு ஈ2 புரதத்தால் ஈரல் கலத்திலுள்ள சிடி81 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகிறது. எமது உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளில் சில, அந்தப் பிடியிடத்தில் ஒட்டி நுழைவைத் தடுக்கின்றன. வைரசோ தன் புரதத்தை அடிக்கடி மாற்றி, சீனிப் போர்வையாலும் மூடித் தப்பிவிடுகிறது. தடுப்பூசி இன்னும் கிடைக்காததற்கு இது முக்கிய காரணம். குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம்.

ஆகவே, பிறபொருளெதிரி உண்டு என்றால் வைரசு ஒருகாலத்தில் உடலில் புகுந்தது என்பதே பொதுவான பொருள். ஏறத்தாழ 30 சதவீதத்தினரில் சிகிச்சையின்றியே ஆறு மாதங்களுள் அது நீங்கிவிடுகிறது. இப்போதும் உள்ளதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனையே காட்டும். இருந்தாலும், பெரும்பாலும் 12 வாரங்கள் மாத்திரை எடுப்பதால் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர்.

சகோதரிகளே, முதல் அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த பரிசோதனையை வைத்தியரிடம் கேளுங்கள்.