‘மொத்தமே இருநூறு வண்டிதான்!’ - யார் எண்ணியது?

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தர்மபுரி அன்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தார். கையில் ஆர்.சி. புத்தகத்தின் நகல்.

“சார், யெஸ்டி 350 ட்வின் ஒன்று விலைக்கு வருகிறது. மொத்தமே இருநூறு வண்டிதான் செய்தார்களாம். அதனால்தான் இந்த விலை என்கிறார். பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்” என்றார்.

விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. “இருநூறு என்று யார் எண்ணியது?” என்றேன். அவரிடம் பதில் இல்லை.

ஹெப்பாளிலிருந்து ரயில் நிலையத்துக்கு வருகிற வழியில் இருக்கும் யாதவகிரியில்தான் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்தது. செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவா கம்பெனியின் உரிமம் பெற்று 1961-ம் ஆண்டு அங்கே மோட்டார் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1973 முதல் ‘யெஸ்டி’ என்று பெயர் மாறியது. கிக்கர்தான் கியர் லீவரும் என்ற அந்த ஒற்றை லீவர் வண்டியை ஓட்டாத மைசூர்க்காரர் அபூர்வம். 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2022-ல் யெஸ்டி என்ற பெயர் மீண்டும் வந்தது. ஆனால் அந்தப் புது வண்டிகள் பிறப்பது மத்தியப் பிரதேசத்தில் உள்ள பீதம்பூரில்.

இரண்டு சிலிண்டர் கொண்ட 350 ட்வின், எண்பதுகளில் ஓடிய வண்டி. வேகம் அதிகம், பெட்ரோல் குடிப்பதும் அதிகம். 250 சி.சி. வண்டிகளைப் போல் அது விற்கவில்லை. ஆகவே அபூர்வம்தான், சந்தேகமில்லை. ஆனால் எத்தனை? தொழிற்சாலையே போன பிறகு ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். சொல்கிறவர் விற்கிறவராக இருந்தால் எண் சிறுத்துக்கொண்டே போகிறது!

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. பந்தயத்துக்காக 1970-ல் வந்த பிளிமத் சூப்பர்பேர்ட் என்ற அசுர வேகக் கார் எத்தனை தயாரானது என்பதில் இன்றும் ஒரே கருத்து இல்லை. சிலர் 1,920 என்கிறார்கள், சிலர் 1,935 என்கிறார்கள்.

டிக்கெட் கணக்கு

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ரயில்வே ஊழியர்களுக்கு அது புதிதல்ல. அட்டை டிக்கெட் இருந்த காலத்தில் கவுண்டர் குமாஸ்தா தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் எழுதிக் கழிப்பார். விற்ற டிக்கெட் எத்தனை என்று தெரிந்துவிடும்.

முடிவு எண் தெரியாவிட்டால்? பிளாட்பாரத்தில் கிடந்த ஐந்து டிக்கெட்டுகளைப் பொறுக்குகிறீர்கள் என்று வையுங்கள். எண்கள் 12, 47, 63, 88, 100. வரிசை 1-ல் தொடங்கியது என்றால், ஐந்து டிக்கெட்டுக்கு நடுவே சராசரியாக இருபது இருபதாக இடைவெளி விழுகிறது. நூறுக்கு மேலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும் என்று கொள்ளலாம். 100-ஐ 5-ஆல் வகுத்து, நூறோடு கூட்டி, ஒன்றைக் கழித்தால் 119. அதுதான் மதிப்பீடு.

விளையாட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில், பிடிபட்ட ஜெர்மன் டாங்கிகளின் கியர்பாக்ஸ் போன்ற பாகங்களில் இருந்த எண்களை வைத்து நேச நாட்டு நிபுணர்கள் இப்படித்தான் கணக்கிட்டார்கள். 1942 ஆகஸ்டு மாத உற்பத்தி 1,550 என்றது உளவுத் துறை. 327 என்றது எண் கணக்கு. போர் முடிந்து ஜெர்மானியப் பதிவேடுகளைப் பார்த்தபோது இருந்தது 342!

எங்கே தவறும்?

மோட்டார் சைக்கிளுக்கு ஃபிரேமில் ஒரு எண், எஞ்சினில் ஒரு எண் உண்டு. அவற்றைச் சேகரித்தால் போதுமா? போதாது. ஒரு மாடலின் வரிசை 1-ல்தான் தொடங்கியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு மாடல்களுக்கு ஒரே வரிசையில் எண் போட்டிருந்தால் கணக்கு ஊதிப் பெருத்துவிடும். நடுவில் எண்களை விட்டுவிட்டுத் தாவியிருந்தாலும் அதே கதி. முப்பது நாற்பது வருஷத்தில் எஞ்சின் மாறிய வண்டிகளும் ஏராளம். அதனால்தான் ஃபிரேம் எண்ணை முதலில் நம்ப வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதையும் ராவித் திருத்தும் கைகாரர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கு, தயாரான வண்டி எத்தனை என்றுதான் சொல்லும். இன்று மிஞ்சியிருப்பது எத்தனை என்று சொல்லாது. காயலான் கடைக்குப் போன வண்டிக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

மறுநாள் மாலை டியூட்டி முடிந்து நானும் அவரோடு வண்டியைப் பார்க்கப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தோம். ஃபிரேம் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. எஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை. “பழைய வண்டி என்றால் அப்படித்தான் சார்” என்றார் விற்கிறவர். அன்பர் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினார்.

இப்போது அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. எங்கே ட்வினைக் கண்டாலும் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். இதுவரை நான்கு சேர்ந்திருக்கின்றன. “கணக்குப் போடலாமா சார்?” என்று நேற்று கேட்டார். இன்னும் ஒரு பத்தாவது சேரட்டும் என்றேன்.