சபரிமலை சீசனுக்கு அடங்காத ஸ்லைடர்

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டேபிலோவிலும் பவர் பிஐயிலும் ஒரே ஃபில்டரை டிராப்டவுன், செக்பாக்ஸ், ஸ்லைடர் என்று பல விதமாக வைக்கலாம். எதை வைப்பது?"

கேரளத்தின் 14 மாவட்டங்களை ஒப்பிட செக்பாக்ஸ். 941 கிராமப் பஞ்சாயத்துகளில் ஒன்றைப் பிடிக்க, பெயரை அடித்துத் தேடும் பெட்டி. டிராப்டவுன் இடத்தை மிச்சம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அரசுத் தளங்கள் பலவும் அதையே கட்டிக்கொண்டு அழுகின்றன. அடுத்த மாவட்டத்தைத் திறப்பதற்குள் முன்னதன் எண் மறந்துவிடும்.

எனக்குப் பிடித்தது ஸ்லைடர். 1990களின் தொடக்கத்தில், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மனின் குழு வாஷிங்டன் வட்டாரத்து வீடுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தது. விலை ஸ்லைடரை இழுக்க இழுக்கப் புள்ளிகள் மறையும், முளைக்கும். பத்தில் ஒரு நொடிக்குள் திரை மாறிவிட வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. பழைய வால்வு ரேடியோவில் திருநெல்வேலியைத் தேடிக் குமிழைத் திருகினால் வழியில் இலங்கை வானொலி காதில் விழுமே, அந்த மாதிரி. தேடாததும் கிடைக்கும். கீழே ஒரு 'அப்ளை' பொத்தானை வைத்தால் அந்தச் சுகம் போச்சு. தரவு பெரிது, தாமதமாகும் என்பார்கள்; தொகைகளை முன்கூட்டியே கூட்டி வைக்கச் சோம்பல் என்பேன் நான்.

இந்த ஸ்லைடருக்கு ஒரு விசித்திரமான ஊனம் உண்டு. திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து சபரிமலை அடிவாரமான பம்பைக்கு விடும் சிறப்புப் பேருந்துகளின் பல வருடக் கணக்கை, சீசன் வாரியாகப் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். சபரிமலை சீசன் நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. மாத ஸ்லைடரோ 1 முதல் 12 வரை நேர்கோடு. இடது குமிழை நவம்பரில் வைத்தால், வலது குமிழ் அதைத் தாண்டி ஜனவரிக்குத் திரும்பாது. இரண்டையும் சேர்க்க நினைத்தால் வருடம் முழுவதும் உள்ளே வந்துவிடும். போதாக்குறைக்கு, ஜனவரியில் வரும் மகரவிளக்குக் கூட்டம் அடுத்த வருடக் கணக்கில் ஏறும்.

வழி நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. கார்த்திகை, மார்கழி, தை என்பவை தமிழ் மாதங்களில் 8, 9, 10. கொல்லம் ஆண்டில் விருச்சிகம், தனு, மகரம் 4, 5, 6. எதை வைத்தாலும் அடுத்தடுத்து வரும், வருடமும் உடையாது. இன்னும் சுலபம், கார்த்திகை 1ஐ முதல் நாளாக எண்ணித் தரவில் ஒரு தனிப் பத்தி சேர்ப்பது. ஸ்லைடர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

நடுங்கும் விரல்களால் இழுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இணையத் தளங்களை எல்லோரும் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறை, இழுக்காமலும் அதே வேலையைச் செய்ய வழி வேண்டும் என்று 2023லேயே சொல்லிவிட்டது. ஸ்லைடர் பக்கத்தில் எண்ணை அடிக்க இரண்டு சின்னக் கட்டங்கள் போதும். இடமில்லை என்று அரசுத் தளங்கள் முதலில் வெட்டுவது அவற்றைத்தான்; அமைச்சர் படத்துக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.