சுடுநீருக்கு எரிவாயுவா, மின்சாரமா?

களுபோவில, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளின் தொடர்மாடி வீடுகளில் சுடுநீர்ச் சாதனம் பொருத்த விரும்புவோர் முதலில் செலவையே கணக்கிடுகின்றனர். 30 லீற்றர் நீரை 27 பாகை செல்சியசிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க அரை அலகுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் போதும். எரிவாயுவெனில் ஏறத்தாழ 45 கிராம் தேவை. இவற்றை அன்றைய விலைகளால் பெருக்கினால் எது மலிவென்பது புலப்படும்.

ஆனால், விலை மாறக்கூடியது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிவாயுவுக்கான நீண்ட வரிசைகளும் மணிக்கணக்கான மின்வெட்டும் ஒருங்கே வந்தமையை எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

மாறாதது ஆபத்தின் தன்மையாகும். போதிய காற்றின்றி எரிவாயு எரியும்போது காபனோரொட்சைட்டு உருவாகின்றது. நிறமோ மணமோ அற்ற இந்நச்சு வாயு, மூடிய குளியலறையில் இருப்பவரை அவர் அறியாமலேயே கொல்லவல்லது. எனவே, எரிவாயுச் சாதனத்தைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்தி, புகையைக் குழாய்வழியே வெளியேற்றுதல் அவசியமாகும். அத்தகைய இடவசதியற்ற வீடுகளுக்கு மின்சாதனமே உகந்தது. அதற்கும் முறையான புவித்தொடுப்பும் பழுதின்றி இயங்கும் ட்ரிப் சுவிட்சும் இன்றியமையாதன.

ஆகவே, விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னர் குளியலறையின் யன்னலைப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.