எதற்கு மாற்று?

ஜாஸ் என்றால், ரெக்கே என்றால், காதில் ஒரு நடை வந்து நிற்கும். 'ஆல்டர்நேட்டிவ்', அதாவது 'மாற்று' இசை என்றால் எது நிற்கும்? இரைச்சலான கிதாரா, முணுமுணுக்கும் குரலா? இரண்டும் அதில் உண்டு. இரண்டும் இல்லாத பாடல்களும் உண்டு. ஏனென்றால் அந்தப் பெயர் முதலில் ஒலிக்கு வைத்ததல்ல, வழிக்கு வைத்தது. பாட்டு யார் மூலம் நம் காதுக்கு வந்தது என்பதே அங்கே கேள்வி.

1980-இல் பிரிட்டனில் தொடங்கிய 'இண்டி' (சுயேச்சை) இசைப் பட்டியல் இதற்கு நல்ல சாட்சி. பெரிய நிறுவனங்களின் விநியோகத்தைச் சாராமல் கடைக்கு வந்த இசைத்தட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. வாத்தியம், தாளம் பற்றிப் பேச்சே இல்லை. விளைவு? தி ஸ்மித்ஸ் போன்ற கிதார் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த அதே பட்டியலில், 1988-இல் கைலி மினோக்கின் துள்ளல் நடனப் பாட்டும் முதலிடம் பிடித்தது. விதிப்படி அதுவும் 'இண்டி'தான்!

அமெரிக்காவில் அந்த வழி, கல்லூரி வானொலி. விளம்பரக் காசை நம்பிய நிலையங்கள் வெற்றிப் பாடல்களையே திரும்பத் திரும்பச் சுழற்றின. அந்தக் கவலை இல்லாத மாணவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் போட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் 1980-இல் உருவான ஆர்.இ.எம். குழு இப்படித்தான் பரவியது. 1988 செப்டம்பரில் பில்போர்டு இதழ் இவ்வகைப் பாடல்களுக்கெனத் தனிப் பட்டியலே போட்டது.

பிறகு வழி அகன்றது. 1991 செப்டம்பரில் வந்த நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' அமெரிக்காவில் முதலில் சுமார் 46,000 பிரதிகளே அச்சானது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' தொகுப்பை இறக்கிவிட்டு அது முதலிடம் ஏறியது. வெளியிட்டது கெஃபன் என்ற பெரிய நிறுவனம்.

இனி வழியை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. பெயர் ஒலியோடு ஒட்டிக்கொண்டது: சரணத்தில் அடங்கி, பல்லவியில் வெடிக்கும் கிதார். அந்த உத்தியைப் பாஸ்டனின் பிக்ஸீஸ் குழுவிடமிருந்து எடுத்ததாக நிர்வாணாவின் கர்ட் கோபேனே ஒப்புக்கொண்டார்.

'மாற்று' என்ற பெயரில் வந்ததே முதலிடம் பிடிக்கும் இந்த முரண், நெவர்மைண்டுக்குச் சில மாதம் முன்பே மேடையேறிவிட்டது. 1991-இல் கிராமி அமைப்பு 'ஆல்டர்நேட்டிவ்' இசைக்கென முதல் விருதை அறிவித்தது. வென்றவர் அயர்லாந்தின் ஷினேட் ஓ'கானர். விருதுக்குரிய அவருடைய தொகுப்பு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. இசை வணிகமாகிவிட்டது என்று சொல்லி அவர் விருதை வாங்க மறுத்தார். அந்தப் பிரிவில் கிராமி இன்றும் வழங்கப்படுகிறது.