காய்ச்சலுக்குப் பின் உதிரும் முடி

டெங்கு போன்ற கடும் காய்ச்சல் தணிந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். எண்ணெயை மாற்றுகின்றனர், தண்ணீரைக் குறை கூறுகின்றனர். உண்மைக் காரணமோ கடந்துபோன காய்ச்சலே.

தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் உள்ளன. நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை ஆகியவற்றால் உடல் தளரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் பல ஒருசேர ஓய்வுப் பருவத்தை அடைகின்றன. சுமார் 3 மாதங்களுக்குப் பின் உதிர்கின்றன. வேர்க்கால்கள் அழிவதில்லை. ஆதலால் பெரும்பாலோர்க்கு 6 மாதங்களுக்குள் உதிர்வு தணிந்து, முடி மீண்டும் வளரும். அதற்கு மேலும் நீடித்தால், இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவை உள்ளனவா என்று பரிசோதிக்க வேண்டும்.

ஆனால் வட்டவட்டமாக முடி கொட்டுதல், தலைத்தோலில் வலி, எரிச்சல், சீழ், தழும்பு ஆகியவை தோன்றினால் காத்திருத்தல் கூடாது. தழும்பான இடத்தில் வேர்க்கால் அழிந்துவிடும்; பின்னர் எம்மருந்தாலும் அங்கு முடியை முளைக்கச் செய்தல் அரிது.

மருத்துவரைக் காண வரும்போது, கடந்த 6 மாதங்களில் வந்த நோய்களையும் உட்கொண்ட மருந்துகளையும் குறித்து வாருங்கள். பாதி விடை அக்குறிப்பிலேயே இருக்கும்.