வெள்ளத்தில் நனைந்த உறுதியும் நிழற்படமும்: விரைவாக உலர்த்துவது எப்படி?

2018 டிசெம்பரில் பெய்த பெருமழையின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டன. அந்த வீடுகளில் பல, 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் ஒரேயொரு பையை மட்டும் காப்பாற்றி வந்தவர்களின் வீடுகள். காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருந்தன. செல்லடிக்குத் தப்பிய பை வெள்ளத்தில் நனைந்தால் என்ன செய்வது?

வெள்ளம் வடிந்ததும் பாயையும் உடுப்பையும் வெயிலில் போடுவதுபோல, ஆவணங்களையும் வெயிலில் போடுவதுதான் எங்கள் வழமை. அடுப்படியில் வைப்பவர்களும், இஸ்திரிப்பெட்டியால் தேய்ப்பவர்களும் உண்டு. தண்ணீருக்குத் தப்பியது இப்படித்தான் பின்னர் பழுதாகிறது.

சூடு அல்ல, காற்று

நனைந்த கடதாசியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக் காற்றில் சேர்வதே உலர்தல். மாரிகாலக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். மூடிய அறைக்குள் அந்தக் காற்று விரைவில் நிறைவடைந்துவிடும். அதன்பின் எவ்வளவு நேரம் வைத்தாலும் கடதாசி காயாது. ஆகவே ஈரக்காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை உள்ளே விட வேண்டும். எதிரெதிரான இரு யன்னல்களைத் திறந்து விடுங்கள். மின்சாரம் இருந்தால் மின்விசிறியைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். நேரே வீசினால் ஈரத்தாள் பறந்து கிழியும்.

கடுஞ்சூட்டில் தாளின் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து சுருளும். வெயில் மையை மங்கச் செய்யும். 1966 நவம்பரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, தேசிய நூலகத்தின் நனைந்த புத்தகங்களைப் புகையிலை உலர்த்தும் சூளைகளில் வைத்தும் காயவைத்தார்கள். சூட்டில் தோல் அட்டைகள் சுருங்கிப் போயின.

இரண்டு நாள் கெடு

பொதுவாக 48 மணித்தியாலத்துக்குள் ஈரக் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். எனவே எதை முதலில் கையில் எடுப்பது என்பது முக்கியம்.

நொத்தாரிசு எழுதிய உறுதிக்கு இணைப்பிரதி காணிப் பதிவகத்திலும், இன்னொரு பிரதி நொத்தாரிசிடமும் இருக்கும். பிறப்பு, திருமணப் பதிவுகளுக்கும் பிரதி பெறலாம். (போரில் அலுவலகப் பதிவுகளும் அழிந்த இடங்களில் இது கைகொடுக்காது.) ஆனால், காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பிள்ளையின் படத்துக்கு எந்த அலுவலகத்திலும் பிரதி இல்லை. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மாரின் கைகளில் இருந்தவை அத்தகைய படங்கள்தான். ஆகவே பிரதி இல்லாததை முதலில் எடுங்கள்.

நிழற்படங்கள்

ஸ்ரூடியோவில் கழுவிய பழைய படங்களின் மேற்பரப்பில் ஜெலற்றின் படலம் உண்டு. நனைந்தால் அது பசைபோல இளகும். இரண்டு படங்கள் ஒட்டியபடியே காய்ந்தால் பின்னர் பிரிப்பது மிகக் கடினம். ஆகவே ஒட்டிய படங்களைக் காயவிடாதீர்கள். இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். அகலமான பாத்திரத்தில் சுத்தமான குளிர்ந்த நீரை விட்டு அதில் போட்டு வையுங்கள். சேறும் கழன்று, படங்களும் மெல்லப் பிரியும். இரண்டு நாளுக்கு மேல் நீரில் வைக்க வேண்டாம்.

பிரிந்த படத்தை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, முகம் மேலே இருக்க, சுத்தமான பருத்தித் துணியில் நிழலில் வையுங்கள். கொடியில் ஓரத்தைக் கவ்வித் தொங்கவும் விடலாம். படத்தின் முகத்தைத் துடைக்க வேண்டாம். காய்ந்தபின் வளைந்திருந்தால், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையில் வைத்துப் பாரம் ஏற்றுங்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே முதலில் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். கணினி மை அச்சுப்பொறியில் எடுத்த படங்களை நீரில் போடக் கூடாது, மை கரைந்துவிடும்.

உறுதியும் பத்திரங்களும்

ஈரத்தாள் தன் பாரத்தையே தாங்காது. மடிப்பைப் பலவந்தமாக விரிக்காமல், கீழே ஒரு பொலித்தீன் தாளைக் கொடுத்துத் தூக்குங்கள். ஊற்றுப்பேனை மையும் இறப்பர் முத்திரை மையும் கரையக்கூடியவை. அவை உள்ள தாளைக் கழுவ வேண்டாம். தாள்களுக்கிடையில் அச்சிடாத வெள்ளைத் தாளையோ பழைய பருத்திச் சேலைத் துண்டையோ வைத்து, ஈரம் ஏறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். உண்மையில் உலர்தலை விரைவாக்குவது இந்த மாற்றுதல்தான். பத்திரிகைத் தாளை நேரே வைத்தால் அதன் மை ஒட்டும்.

நேரம் போதாவிட்டால்

முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருக்கும்போது இதற்கெல்லாம் இடமும் இருக்காது, அவகாசமும் இருக்காது. அப்போது சிறு சிறு கட்டுகளாகப் பொலித்தீனில் சுற்றிக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். வீட்டில் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்கலாம். உறைந்த நிலையில் பூஞ்சணம் வளராது, மையும் பரவாது. 1972 இல் அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் வெள்ளத்தில் மூழ்கியபோதும் நனைந்த நூல்களை உறையவைத்தே காப்பாற்றினார்கள். வாரங்கள் கழித்தும் ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்தலாம். செய்யக் கூடாத ஒன்று, ஈரப் பையை அப்படியே கட்டி மூலையில் வைப்பது.

பூஞ்சணம் பிடித்துவிட்டால் ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள். நன்கு காய்ந்தபின், முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டிவிடுங்கள்.

அடுத்த மழைக்கு முன்

ஒவ்வொரு படத்தையும் பத்திரத்தையும் இப்போதே கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். மூலப்பிரதிகளை, நன்கு உலர்ந்த ஒரு நாளில், இரட்டைப் பொலித்தீன் பையில் இட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். பை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.