பூசிய புட்டியில் குமிழி எழும்புவது ஏன்?

புட்டி பூசிச் சில நிமிடங்களில் சுவரில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பும். "காய்ந்தால் போய்விடும்" என்று வேலைக்கு வந்தவர் சொல்வார். போகாது. காய்ந்ததும் அவை உடைந்து ஊசித் துளைகளாக நிற்கும். மேலே பெயின்ற் அடித்தால் ஒவ்வொரு துளையும் துலக்கமாகத் தெரியும். சில இடங்களில் பெயின்ற் தோல்போல உரியவும் தொடங்கும்.

எமது பகுதிகளில் இதைச் சிறிய விடயம் என்று தள்ளிவிட முடியாது. 2012 இல் வடக்கு கிழக்கில் விரிவடைந்த இந்திய வீட்டுத் திட்டத்தில், சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டது. அந்தக் காசில் சுவரும் கூரையும் எழும்பின. பூச்சு வேலையும் பெயின்ற்றும் பல வீடுகளில் பின்னுக்குப் போயின. சீட்டுக் காசிலோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பும் காசிலோ அறை அறையாக வேலையை முடிக்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரே சுவருக்கு இரண்டு தரம் கூலி கொடுக்க அவர்களிடம் வழியில்லை. பெண்கள் தனித்து நடத்தும் வீடுகளில் "இது இப்படித்தான் அக்கா" என்று சொல்லிவிட்டு நகர்வதும் சுலபம். ஆகவே காரணம் தெரிந்திருப்பது நல்லது.

முதற் காரணம் சுவரின் தாகம். சீமெந்துப் பூச்சு முழுக்க நுண்துளைகள். அவற்றுக்குள் காற்று இருக்கிறது. காய்ந்த சுவரில் ஈரப் புட்டி பட்டதும் சுவர் தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்ணீர் உள்ளே போக, காற்று வெளியே வரவேண்டும். அதற்கு வழியாக இருப்பது புட்டியின் ஈரப் படலம் மட்டுமே. சுவரில் கையால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தெளித்த உடனேயே மறைந்துவிட்டால் சுவர் தாகத்தோடு இருக்கிறது. சீமெந்து சேர்ந்த தூள் புட்டி என்றால் பூசுமுன் சுவரை நனைத்து, மேலே மினுங்கும் தண்ணீர் வற்றும்வரை பொறுத்துப் பூசவேண்டும். வாளியில் குழம்பாக வரும் புட்டிக்கு நனைப்பதைவிட பிறைமர் ஒன்று அடித்துக் காயவிடுவதே பொருத்தம். எது எதற்கு என்பது பையிலும் வாளியிலும் எழுதியிருக்கும், வாசிக்கச் சொல்லுங்கள். புதிதாகப் பூசிய சுவர் என்றால் ஆகக்குறைந்தது 4 கிழமையாவது ஆறவிட வேண்டும்.

இரண்டாவது, குழைக்கும் முறை. வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் தூள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உலர்ந்த கட்டிகள் நிற்கும், அவற்றோடு காற்றும் நிற்கும். ட்றில்லில் கம்பி பூட்டிக் கலக்குபவர்கள் வேகத்தைக் கூட்டி, கம்பியை மேலும் கீழும் தூக்கி அடிப்பார்கள். முட்டை அடித்தால் நுரைப்பது போலத்தான் புட்டியும் நுரைக்கும். குறைந்த வேகத்தில், கம்பி குழம்புக்குள் அமிழ்ந்தபடி கலக்கி, 10 நிமிடம் வைத்து, பிறகு கையால் மெதுவாக ஒருதரம் கிளறினால் போதும். இறுகத் தொடங்கிய புட்டிக்குத் தண்ணீர் விட்டு மீண்டும் இளக்குவது காசை மிச்சப்படுத்துவதாகத் தெரியும். அந்தப் புட்டி சுவரில் பலமாகப் பிடிக்காது.

பழைய வீடுகளில் இன்னொன்று உண்டு: ஷெல் துண்டுகளும் சன்னங்களும் விட்டுப்போன குழிகள். அவற்றைப் புட்டியால் ஒரே தடவையில் அடைத்து மூடுகிறார்கள். குழியின் அடியில் காற்று சிக்கும். மேற்பக்கம் முதலில் காய்ந்து, பிறகு வெடிக்கும் அல்லது அமுங்கும். புட்டி மெல்லிய பூச்சுக்கான பொருள், ஒரு தரத்துக்கு 1 மில்லிமீற்றர் அளவே. ஆழமான குழியில் உதிரும் சாந்தைத் தட்டியெடுத்து, தூசு நீக்கி, நனைத்து, சீமெந்துச் சாந்தைப் படைபடையாக அழுத்தி நிரப்பி, இறுகிய பிறகே புட்டி போடவேண்டும். உள்ளே இரும்புத் துண்டு தங்கியிருந்தால் அது துருப்பிடித்துப் பெருத்து எந்தப் பூச்சையும் தள்ளிவிடும். சிறிய சிதறல் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அகற்றலாம். என்னவென்று தெரியாத எதையும் உளியால் தொடவேண்டாம். பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவியுங்கள்.

எனாமல் பூசிய வழவழப்பான சுவரிலும் குமிழி வரும். புட்டி பிடிக்க அங்கே பிடிமானம் இல்லை, அடியில் அகப்பட்ட காற்று உறிஞ்சப்படவும் இடமில்லை. அரத்தாளால் மினுக்கம் போகத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பூசவேண்டும்.

இப்போது கடைகளிலும் புது வீடுகளிலும் ஜிப்சம் பலகைச் சீலிங் பரவலாகிவிட்டது. அங்கே குமிழி பெரும்பாலும் பலகை மூட்டில் ஒட்டும் கடதாசி நாடாவின் கீழ் வருகிறது. நாடாவுக்கு அடியில் புட்டி போதாமல் போனால் அந்த இடம் ஒட்டாமல் உப்பும். முதலில் மூட்டில் தாராளமாகப் பூசி, நாடாவை வைத்து, தகட்டால் நடுவிலிருந்து வெளிநோக்கி அழுத்திக் காற்றையும் மிஞ்சிய புட்டியையும் தள்ளவேண்டும். உப்பிய இடத்தைப் புட்டியால் மூடி மறைக்க முடியாது. அந்தத் துண்டை வெட்டியெடுத்து மறுபடி ஒட்டுவதே வழி.

எல்லாக் குமிழியும் காற்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பூசி மாதங்கள் கழித்து, சுவரின் அடிப்பகுதியில் உப்பி, தட்டினால் வெள்ளைத் தூள் கொட்டினால், அது நிலத்து ஈரமும் உப்பும். உவர்த் தண்ணீரில் குழைத்த சாந்தும் கழுவாத கடல் மணலும் அதற்குக் காரணமாகலாம். ஈரம் வரும் வழியை அடைக்காமல் அங்கே புட்டி போடுவது வீண் செலவு.

ஊசித் துளைகள் ஏற்கெனவே வந்துவிட்டால் அவற்றைத் தேய்த்து எடுக்க முயலவேண்டாம். தேய்க்கத் தேய்க்க அடியில் இருக்கும் துளைகள் திறக்கும். சற்று இளக்கமான புட்டியை எடுத்து, தகட்டைச் சுவரோடு அழுத்தி, முதற்பூச்சு இழுத்த திசைக்குக் குறுக்காக மெல்லியதாக இழுத்தால் துளைகள் அடைபடும். அது காய்ந்த பிறகே அரத்தாள். தேய்க்கும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடவேண்டாம்.